கால் பங்கு ஸ்புட்னிக்: ஒரு மாதிரிப் பெட்டி பற்றிய மதிப்பீடு

கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் 6,500 ரூபாவுக்கு வாங்கிய, உலகின் முதல் செயற்கைச் செய்மதியான சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் 1 இன் மாதிரிப் பெட்டியை, தரம் 10 இல் கற்கும் என் பெறாமகளுடன் இரண்டு மாலைகள் இருந்து பொருத்தினேன். ஈயப்பற்று வைக்கும் வேலை எதுவும் இல்லை. இரு அரைக்கோளங்கள், நான்கு அன்ரனாக் கம்பிகள், ஒரு சுற்றுப்பலகை, இரண்டு பென்டோர்ச் பற்றரிகள், அவ்வளவுதான். உண்மைச் செய்மதியை 36 மரையாணிகள் இறுக்கிப் பிடித்தன. இதில் உள்ளவை ஆறு, அவற்றில் ஒன்று முதல் நாளே தேய்ந்துவிட்டது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறொன்று தந்தார்.

கொடுத்த பணத்துக்கு ஈடாக நிற்பது இதன் ஒலியே. 1957 ஒக்டோபர் 4 இல் ஏவப்பட்ட அந்தச் செய்மதி, 20.005, 40.002 மெகாஹேர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் மாறி மாறி, ஏறத்தாழ 0.3 செக்கன் நீளமான துடிப்புகளை அனுப்பியது. கோளத்தின் உள்ளே வெப்பநிலையோ அமுக்கமோ எல்லை கடந்தால் துடிப்பின் நீளம் மாறும்படி அமைத்திருந்தமையால், அந்தப் ‘பீப்’ ஒலியே செய்மதியின் உடல்நிலை அறிக்கையாகவும் இருந்தது. தயாரிப்பாளர்கள் வெப்பத்தை உணரும் தடையொன்றைச் சுற்றுப்பலகையில் சேர்த்து, அந்த உத்தியை அப்படியே காட்டியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்தபோது சிறிது நேரத்தில் துடிப்புகள் நீண்டன. கிணற்றடி வாழை நிழலுக்குக் கொண்டுபோனதும் பழைய தாளத்துக்குத் திரும்பின.

கோளத்தின் விட்டம், உண்மைச் செய்மதியின் 58 சென்ரிமீற்றரின் கால் பங்காக, 14.5 சென்ரிமீற்றரில் சரியாக இருக்கிறது. அன்ரனாக்களோ அதே கணக்கில் 60 சென்ரிமீற்றரையாவது எட்டியிருக்க வேண்டும்; தந்திருப்பது 25 தான். பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று வெட்டியிருப்பார்கள் போலும்.

பொறுக்க முடியாதது, கோளத்தின் மேல் ஒட்டப்பட்டு வந்த நீல நிறச் சூரியக்கலத் தகடுகள். ஸ்புட்னிக் 1 இல் சூரியக்கலமே இருக்கவில்லை. 1 வாற்று வலுவுள்ள அலைபரப்பி ஏறத்தாழ மூன்று வாரங்கள் இயங்குவதற்காக, 83.6 கிலோகிராம் எடையில் 51 கிலோகிராம் அளவை வெள்ளி நாக மின்கலங்களுக்கே ஒதுக்க வேண்டியிருந்தது என்பதுதான் அக்காலத் தொழினுட்பத்தின் நெருக்கடி. அதிலிருந்து விடுபட வழி காட்டியது, 1958 மார்ச் 17 இல் அமெரிக்கா ஏவிய வான்கார்ட் 1. சூரியக்கலங்களை முதன்முதலில் கொண்டுசென்ற அச்செய்மதியின் சமிக்ஞை 1964 வரை கேட்டது. அழகுக்காக ஒட்டிய தகடுகள் இந்த வேறுபாட்டையே மறைத்துவிடுகின்றன.

பெறாமகள் அவற்றைப் பிளேட்டால் சுரண்டி எடுத்துவிட்டாள். பசையின் தழும்புதான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.