ஒரு பள்ளி ஆண்டு முழுக்கப் பயன்படுத்திய வேதியியல் பெட்டி: வாங்கலாமா?

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம் 2,400 ரூபாய் கொடுத்து ஒரு வேதியியல் சோதனைப் பெட்டி வாங்கினேன். ஏப்ரலில் பரீட்சை முடிகிற வரைக்கும் வாரம் ஒரு மாலை அதை வைத்துத்தான் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதிப்போடுகிற விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன, ஒரு மழைக்காலம் தாண்டி அது என்ன கதியில் இருக்கிறது என்று எழுதியவர்களைக் காணோம், அதனால் எழுதுகிறேன். நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு வீட்டு வராந்தாவில் டியூஷன் எடுக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் சாமான்கள் நிஜமாகவே தரமானவை. பத்து சோதனைக் குழாயில் ஒன்றுதான் வருடம் முழுக்க உடைந்தது, அதுவும் கைதவறிச் சிமெண்ட் தரையில் விழுந்ததால். சொட்டுக்குழாய்கள் ஒழுகவில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பாதுகாப்புக் கண்ணாடி. சின்ன முகத்துக்கென்றே செய்து, பின்னால் இழுத்து மாட்டுகிற பட்டையோடு வருகிறது. பெரியவர்கள் கண்ணாடியைப் பிள்ளைகளுக்கு மாட்டினால் மூக்கில் வழிந்து நிற்கும், அவர்களும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். இதில் அந்தத் தொல்லையே இல்லை. பெட்டியில் நான்குதான் இருந்தது, இன்னும் ஐந்து தனியாக வாங்கிக்கொண்டேன்.

இனி மழை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்குகிற ஈரம் டிசம்பர் வரை சுவரைவிட்டுப் போகாது. இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் காய்ந்த ஊரில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அமிலம் பட்டால் சிவக்கிற நீல லிட்மஸ் தாளைச் சாதாரண பாலித்தீன் உறையில் போட்டிருந்தார்கள். ஆகஸ்டில் எடுத்துப் பார்த்தால் பாதித் தாள் வெளிறி, ஓரமெல்லாம் சிவந்து கிடக்கிறது. சோதனை செய்யுமுன்பே சிவந்துபோன தாளை வைத்து அமிலம் எது என்று எந்தப் பிள்ளைக்குக் காட்டுவது? சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் இருந்த குப்பியின் மூடியும் இறுகவில்லை, அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளேயே நீர்விட்டுக் கிடந்தது. இது தோலையும் கண்ணையும் அரிக்கிற பொருள். பதினொரு பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கான பெட்டியில் இதை வைத்ததே தப்பு, ஒழுகுகிற குப்பியில் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. நான் அதை எடுத்துப் பூட்டிவைத்துவிட்டேன், வருடம் முழுக்கத் தொடவிடவில்லை. காரம் காட்டுவதற்குச் சோப்புத் தண்ணீரும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரும் தாராளமாகப் போதும். லிட்மஸுக்குப் பதிலாகச் செம்பருத்திச் சாறு வைத்துக்கொண்டோம், புளிப்பில் ரோஜா நிறத்துக்குப் போகும், காரத்தில் பச்சையாகும். அக்கானிக் (பதநீர்) கலயத்தின் அடியில் படிந்திருந்த சுண்ணாம்பை ஒரு பிள்ளை சுரண்டிக்கொண்டு வந்தாள், மஞ்சள் தடவிய தாளில் தேய்த்ததும் குங்குமமாகச் சிவந்தது. அக்கானி புளித்துக் கள்ளாகாமல் இருக்கத்தானே கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள்!

தமிழ்க் கையேட்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யாரும் படித்துப்பார்க்காமல் அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் base, solution, element என்று இருப்பதை வேறு பொருளில் பெயர்த்து, காரம் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘அடிப்படை’, கரைசல் வரவேண்டிய இடத்தில் ‘தீர்வு’, தனிமத்துக்கு ‘உறுப்பு’. ‘அமிலமும் அடிப்படையும் சேர்ந்தால் தீர்வு நடுநிலையாகும்’ என்று ஒரு வரி. ஏழாம் வகுப்புப் பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “எதுக்குத் தீர்வு டீச்சர்?” என்று கேட்டான். அவன் பள்ளிப் பாடப்புத்தகத்தில் காரம், கரைசல், நடுநிலையாக்கல் என்று எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். முழுக் கையேட்டையும் சிவப்பு மையில் திருத்தினேன், இரண்டு ராத்திரி ஆனது.

அதைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கே நான்கு மாதம் ஆயிற்று. கையேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழேயே விடை போட்டிருக்கிறார்கள், கலர் படத்தோடு. பிள்ளைகள் முதலில் படத்தைப் பார்த்துவிடுகிறார்கள், அப்புறம் சொன்னபடி ஊற்றுகிறார்கள், படத்தில் இருக்கிற மாதிரி வந்ததும் கைதட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அக்டோபரிலிருந்து விடை இருக்கும் பாதிப் பக்கத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதின பிறகுதான் குழாயைத் தொடலாம்.

அதில் வந்ததுதான் ரப்பர் பால் சோதனை. இது பெட்டியில் இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ரப்பர். பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து ஷீட் அடிப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளைகள். மழை விட்டிருந்த ஒரு நாள் சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) புதுப்பால் கொண்டுவரச் சொன்னேன். தோட்டத்தில் பயன்படுத்துகிற ஃபார்மிக் அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, அதனால் எலுமிச்சைச் சாறு. எலுமிச்சை விட்டால் உறையுமா என்று எழுதச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘உறையாது, பால் தயிராக வேண்டுமென்றால் மோர்தான் வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். எலுமிச்சை விட்டுக் கிளறியதும் பால் திரண்டு கட்டியானது. ரப்பர் துகள்களின் மேலிருக்கிற மின்சுமைதான் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கிவைக்கிறது, அமிலம் அதை நீக்கியதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று சொன்னேன். அவள் விடவில்லை. மோரும் புளிப்புதானே, அதுவும் வேலை செய்யணுமே என்று சாயங்காலம் வீட்டில் ஒரு சிரட்டைப் பாலில் மோர் விட்டு வைத்தாள். காலையில் கட்டியாகியிருந்தது. சந்தோஷமாக வந்து சொன்னாள். மோர் விடாமல் இன்னொரு சிரட்டை வைத்தாயா என்று கேட்டேன். வைக்கவில்லை. மறுநாள் இரண்டு வைத்தாள். காலையில் பார்த்தால் இரண்டுமே கட்டி!

அவள் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த வருடத்தில் நான் சொல்லிக்கொடுத்த மிகப் பெரிய பாடம் அந்த இரண்டாவது சிரட்டை. ரப்பர் பாலை அப்படியே விட்டாலும் அதில் பாக்டீரியா வளர்ந்து, அதுவே அமிலத்தை உண்டாக்கி, ராத்திரிக்குள் உறைந்துவிடும். அதற்குத்தான் பாலாகவே விற்கிறவர்கள் அம்மோனியா சேர்க்கிறார்கள். காலையில் மட்டும் பார்த்தால் மோர் செய்த வேலையா, தானாக நடந்ததா என்று சொல்லவே முடியாது. அப்புறம் அவளே இரண்டு சிரட்டையும் வைத்துக்கொண்டு அரைமணிக்கு ஒருதரம் குச்சியால் கிளறி, நேரம் எழுதினாள். மோர் விட்டது முதலில் கட்டிபிடித்தது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சும்மா வை என்று கையேட்டின் நாற்பது சோதனையில் ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை.

பெட்டியில் இருந்த சோதனைகளில் நன்றாக அமைந்தது காப்பர் சல்பேட்டும் இரும்பாணியும். நீலக் கரைசலில் தேய்த்த ஆணியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் செம்பு படிகிறது. இதைச் செய்த அன்று ஒரு பையன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான், அவன் தாத்தா, “இது துருசு பார்க்கிற பார்வைதானே மக்களே” என்றாராம். காப்பர் சல்பேட்டுக்குத்தான் துருசு என்று பெயர். முன்பெல்லாம் ரப்பர் இலையுதிர்ச்சி நோய்க்குத் துருசும் சுண்ணாம்பும் கரைத்துப் போர்டோ கலவை அடிப்பார்கள், 100 லிட்டர் தண்ணீருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தீட்டிய கத்தியை அதில் முக்கி எடுப்பார்கள், கத்தியில் செம்புநிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அடுத்த வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் அதையே செய்தோம். கத்தி சிவந்தது, சுண்ணாம்பு சேர்த்தோம், கத்தியைத் தேய்த்து மறுபடி முக்கினோம், பளபளவென்று அப்படியே வந்தது. படிப்பறியாதவர் என்று பிள்ளைகள் நினைத்திருந்த தாத்தா செய்துகொண்டிருந்தது, இரும்பு கரைசலிலிருக்கிற செம்பை வெளியே தள்ளுகிற இடப்பெயர்ச்சி வினை.

தராசு இல்லாதது பெரிய குறை. எடை போடாமல் வேதியியலில் எத்தனை தூரம் போக முடியும்? சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று நானே வாங்கினேன். முட்டத்திலிருந்து வந்த கடல்தண்ணீரில் 200 மில்லியை ஜனவரி வெயிலில் வற்றவைத்தோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, அப்படியென்றால் 7 கிராம் வர வேண்டும். முதலில் நிறுத்தபோது 9 காட்டியது, ஈரம். இரண்டு நாள் காயவைத்த பிறகு 7.3. கடலுப்பில் இருக்கிற மக்னீசிய உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று அன்றைக்குச் சொன்னது, மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி ஏன் கசிகிறது என்பதற்கும் விடையாயிற்று.

தனிம வரிசை அட்டவணை பெரிய தாளில் அழகாக இருக்கிறது, 118 தனிமமும் தமிழ்ப் பெயரோடு, பிழையில்லாமல். அதை வராந்தாச் சுவரில் ஒட்டி, எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் தாதுக்களில் இருக்கிற தனிமங்கள் எங்கே என்று தேடச் சொன்னேன். இல்மனைட்டில் டைட்டானியம் 22, சிர்கானில் சிர்கோனியம் 40, மோனசைட்டில் தோரியம் 90. கதிர்வீச்சு உள்ள மணல், அதனால் அள்ளிவரச் சொல்லவில்லை, அட்டவணையில் கண்டுபிடித்ததே போதும் என்று விட்டுவிட்டேன்.

சரி, வாங்கலாமா? கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் வாங்கலாம், கண்ணாடிச் சாமானுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் அட்டவணைக்கும் பணம் தகும். பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கலாம் என்று நினைத்தால் வேண்டாம், ஸ்பிரிட் விளக்கும் அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடும் இருக்கும்வரை வேண்டவே வேண்டாம். வாங்கினால் லிட்மஸ் தாளை அன்றைக்கே திருகுமூடிப் பாட்டிலுக்கு மாற்றி இருட்டில் வையுங்கள். நான் இந்த ஜூனுக்குப் புதுப்பெட்டி வாங்கவில்லை. நாகர்கோவிலில் ஆய்வகச் சாமான் விற்கிற கடையில் லிட்மஸும் ஒரு டஜன் குழாயும் தனியாக வாங்கினேன். சிவப்பு மையில் திருத்திய கையேட்டின் பக்கங்களைப் படமெடுத்துச் செய்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் ‘அடிப்படை’ காரமாக மாறினால் இந்த விமர்சனத்தையும் மாற்றி எழுதுகிறேன்.