ஊட்டியில் லேப்டாப் திரை மாற்றக் கொடுக்கிறீர்களா? முதலில் பேனல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

நீலகிரியில் லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். திரை மினுக்குகிறது, ஃப்ளிக்கர் ஆகிறது என்று கொண்டுபோய்க் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டிஸ்ப்ளே போயிருச்சு." எனக்கும் அதுதான் வந்தது. நன்றாக இருந்த டிஸ்ப்ளேயை (பேனல் என்பதும் இதைத்தான்) கழற்றி எடுத்துக்கொண்டு, அதைவிட மட்டமான ஒன்றை மாட்டி, 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மினுக்கல் மட்டும் என்னோடு வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

கடை ஊட்டியில் இருக்கிறது. பெயரைப் போடப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. அவர்கள் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் உஷாராக இருக்கலாம்.

நான் கோத்தகிரிப் பக்கம். சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்கும் இரண்டு மூன்று கடைகளுக்கும் டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால் அந்த வாரத்தில் லேப்டாப் படுத்தால் எனக்குக் கை உடைந்த மாதிரி. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் திரை துடிக்க ஆரம்பித்தது. மூடியைப் பின்னால் கொஞ்சம் சாய்த்தால் நிற்கும். முன்னால் இழுத்தால் மறுபடி வரும். சில சமயம் முழுக்கக் கறுத்து, ஒரு தட்டு தட்டினால் திரும்பி வரும். "மூடியை அசைத்தால்தான் வருகிறது" என்று கடையில் வாய்விட்டே சொன்னேன். விவரம் தெரிந்த மெக்கானிக்குக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இந்த ஒரு வரியே போதும் என்று பின்னால் தெரிந்தது.

கவுண்டரில் இருந்த பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மிஸ்ட் இறங்கியிருக்கும்க்கா" என்றான். மலையில் எல்லாக் கோளாறுக்கும் இந்த மூடுபனி ஈரம்தான் காரணம். சார்ஜர் கெட்டாலும் மிஸ்ட், கீபோர்டு கெட்டாலும் மிஸ்ட். அப்புறம் கடைக்காரர் வந்தார். தன் போனை எடுத்து கேமராவைத் திறந்து, என் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். போனில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன. "பாருங்க மேடம், கோடு ஓடுது பாருங்க. பேனல் வீக் ஆயிருச்சுங்க. இப்பவே மாத்திட்டீங்கன்னா நல்லது, விட்டா போர்டையும் அடிச்சிரும்."

அந்த கேமரா வித்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவரை மடக்குவது அதுதான். பல லேப்டாப்களில் வெளிச்சத்தைக் குறைக்கும்போது திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்கு மங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட நமக்கு மங்கலாகத் தெரிகிறது. போன் கேமரா ஒரு படத்தை ஒரே சமயத்தில் முழுதாக எடுப்பதில்லை, வரிவரியாகப் பதிவு செய்கிறது. விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் பதிவான வரிகள் கறுப்புப் பட்டையாக வந்துவிடுகின்றன. பேனல் நன்றாக இருந்தாலும் இந்தப் பட்டை வரும். வீட்டில் எல்இடி பல்பு சிலவற்றைப் போனில் பிடித்துப் பாருங்கள், அதே கோடு ஓடும். இரண்டாவது முறை அந்தக் கடைக்குப் போனபோது அவர்கள் பில் போடும் மானிட்டருக்கு நேராக என் போனைப் பிடித்துக் காட்டினேன். அதிலும் கோடு ஓடியது. "அது வேறங்க" என்றார்.

சரி, பேனலை மாற்றினார்கள். சாயங்காலமே தயாராகிவிட்டது, கவுண்டரில் போட்டுக் காட்டியபோது மினுக்கல் இல்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "டிஸ்ப்ளே சேஞ்ச் 7,800" என்று எழுதிக் கொடுத்தார்கள். பேனலின் எண் இல்லை, கம்பெனி இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பணத்தை நான் கூகுள் பே-யில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இப்போது கைகொடுக்கிறது. பழைய பேனலைக் கேட்டேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிரும் மேடம், உங்களுக்கு எதுக்கு?" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து டேலியைத் திறந்தால், ஒரே பார்வையில் தெரிந்த பத்திகள் இப்போது பாதிதான் தெரிந்தன. எழுத்தெல்லாம் பெரிதாக, முனை மழுங்கி இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "புது டிஸ்ப்ளே அப்படித்தாங்க இருக்கும், செட் ஆயிரும்" என்றார்கள். திரை செட் ஆவதற்கு அது என்ன புதுச் செருப்பா? இரண்டு மூன்று வாரம் போனது, மினுக்கலும் திரும்பி வந்தது. அதே மாதிரி, மூடியை அசைத்தால். எடுத்துக்கொண்டு போனால், இப்போது பேனல் நல்லாயிருக்காம், "மதர்போர்டில் டிஸ்ப்ளே ஐசி போயிருச்சு", 12,000 ஆகுமாம். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க முப்பத்து மூன்று கிலோமீட்டர்தான். அங்கே எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. முதலில் அணைத்துவிட்டு ஆன் செய்து எஃப்2 அழுத்தி, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் என்ற செட்டிங் பக்கத்துக்குள் போனார். அங்கும் மினுக்கியது. "விண்டோஸே இன்னும் வரலைங்க, டிரைவர் மேல பழி போட முடியாது" என்றார். டிரைவர் என்பது விண்டோஸில் திரையை இயக்கும் மென்பொருள். அப்புறம் ஹெச்டிஎம்ஐ கேபிளில் கடை டிவியை மாட்டினார். டிவியில் படம் கல்லு மாதிரி நின்றது, என் திரை மட்டும் துடித்தது. "போர்டு, கிராபிக்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒண்ணு பேனல், இல்லாட்டி கேபிள்." மூடியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினார். ஒரே கோணத்தில் ஒவ்வொரு முறையும் துடித்தது. அப்புறம்தான் திறந்தார். இடது ஹிஞ்ச் (மூடியின் கீல்) வழியாக வளைந்து போகும் டிஸ்ப்ளே கேபிளின் மேலுறை உரிந்து, உள்ளே மயிரிழைக் கம்பிகளில் ஒன்றிரண்டு நசுங்கியிருந்தன. வருடக்கணக்கில் மூடியைத் திறந்து மூடினால் அந்த இடம்தான் முதலில் தேயுமாம்.

அப்படியானால் முதல் தடவை எப்படிச் சரியானது என்று கேட்டேன். பேனல் மாற்றும்போது கேபிளைக் கழற்றித் திரும்ப மாட்டுகிறார்கள், அதன் வளைவு கொஞ்சம் மாறுகிறது, அந்த நிலையில் கொஞ்ச நாள் ஓடும் என்றார். அதன் பிறகுதான் கேட்டார், "இந்தப் பேனலை மாத்துனது யாருங்க?"

என் லேப்டாப் வாங்கிய பில்லில் 15.6 அங்குலம், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ் என்று இருக்கிறது. அதாவது 1920-க்கு 1080 புள்ளிகள், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகைத் திரை. இப்போது உள்ளே இருந்தது 1366-க்கு 768, டிஎன் என்ற மட்டமான வகை. பின்பக்கம் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினார். பிஓஇ கம்பெனிப் பேனல், எண் என்டி156டபிள்யூஹெச்எம் என்று தொடங்கியது. அந்தக் கம்பெனி எண்ணில் என்டி என்றால் டிஎன், என்வி என்றால் ஐபிஎஸ் வகை. 156 என்பது 15.6 அங்குலம். எஃப்ஹெச்எம் என்று வந்தால் ஃபுல் ஹெச்டி, டபிள்யூஹெச்எம் என்றால் வெறும் ஹெச்டி. இரண்டுக்குமே 30 பின் கனெக்டர் வருவதால் மட்டமானதும் அலுங்காமல் பொருந்திவிடுகிறது. அப்போதே நேராகப் பார்த்துவிட்டு, மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தேன். நிறம் வெளுத்து, கீழிருந்து பார்த்தால் படம் நெகட்டிவ் மாதிரி ஆனது. டிஎன் பேனலின் குணம் அது. கேபிளுக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் வாங்கியது 1,600 ரூபாய். இன்றுவரை ஒரு மினுக்கல் கிடையாது.

இதில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது பணம் இல்லை. நல்ல ஐபிஎஸ் பேனலைப் பழுதானது என்று சொல்லிக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். ஸ்கிராப்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை, இந்நேரம் வேறு யாருடைய லேப்டாப்பிலாவது "ஒரிஜினல் டிஸ்ப்ளே" என்று உட்கார்ந்திருக்கும்.

அதனால் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அந்த மெக்கானிக் செய்ததைச் செய்ய நமக்குப் பட்டறை வேண்டாம். பயாஸில் மினுக்கினால் ஹார்டுவேர். ஹெச்பி மாடல்களில் எஃப்10, மற்ற பலவற்றில் எஃப்2. டெல் வைத்திருப்பவர்கள் லேப்டாப்பை அணைத்துவிட்டு, டி எழுத்தைப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால் பல மாடல்களில் திரை மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் நிறமாக ஓடிக் காட்டும். அதில் கறை, கோடு, துடிப்பு தெரிந்தால் பேனல் பக்கம் சந்தேகப்படலாம். பயாஸில் சும்மா இருந்து, விண்டோஸ் வந்ததும் துடித்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். திரை முழுக்கத் துடிக்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து துடித்தால் டிஸ்ப்ளே டிரைவர், அது மட்டும் நிலையாக நின்றால் ஏதோ ஒரு ஆப். இது மைக்ரோசாஃப்டே சொல்லும் சோதனை. டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரில் போய் ரோல் பேக் செய்து முந்தைய டிரைவருக்கே திரும்பலாம், இல்லை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடலாம். இதற்கெல்லாம் ஃபார்மட் போட வேண்டியதில்லை. ஃபார்மட் என்று ஆரம்பித்தாலே நான் எழுந்துவிடுவேன். திரை முழுக்கக் கறுத்துப்போனால் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கோ அதற்குப் போகும் மின்சாரமோதான் பிரச்சினை.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் துடிக்கிறதா, பேட்டரியில் மட்டுமா என்பதையும் கவனியுங்கள். சார்ஜரில் மட்டும் என்றால் அடாப்டரையும் எர்த் இல்லாத பிளக் பாயிண்டையும் பார்க்க வேண்டும், நம் பக்கம் பழைய வீடுகளில் இது சகஜம். பேட்டரியில் மட்டும் என்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் செட்டிங் காரணமாக இருக்கலாம். இன்டெல் கிராபிக்ஸ் செட்டிங்கில் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்று இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

மிஸ்ட் விஷயம் முழுப் பொய் இல்லை. குளிரில் வைத்திருந்ததை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோக்கும், கொஞ்ச நேரம் விட்டு ஆன் செய்வது நல்லது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாமே நமுத்துத்தான் போகிறது. ஆனால் ஈரம் நிஜமாகவே கனெக்டரைக் கெடுத்திருந்தால் பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் மிஸ்ட் என்று சொன்னால் அது வானிலை அறிக்கை மட்டும்தான்.

கடைக்குக் கொடுக்கும் முன், டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் என்பதைத் திறந்து, ப்ராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி என்று பாருங்கள். பிஓஇ, ஏயுஓ, சிஎம்என், எல்ஜிடி மாதிரி பேனல் கம்பெனியைக் குறிக்கும் மூன்று எழுத்தும் அதன் பின் நான்கு எழுத்து எண்ணும் இருக்கும். அது உங்கள் பேனல். போனில் ஒரு போட்டோ எடுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷன் தெரியும் பக்கம், டாஸ்க் மேனேஜரில் ரேம் அளவும் எஸ்எஸ்டி பெயரும் தெரியும் பக்கம், இவற்றையும் எடுத்துவிடுங்கள். பேனல் மாற்றினால் புதியதன் எண் பில்லில் வர வேண்டும், பழையது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காதீர்கள், திரை சரியா என்று பார்க்க லாகின் பக்கமே போதும்.

லேபிள் போட்டோவோடு கடைக்காரரிடம் போனேன். முதலில் "அந்தப் பேனல் நாங்க போட்டதே இல்லைங்க" என்றார். வேலை முடிந்த அன்று அவர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் அதே பேனல், லேபிளோடு, அவர்கள் மேசை மேலேயே கிடந்தது. அதைக் காட்டியதும் 2,000 ரூபாய் தருகிறேன், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையான பில் கொடுக்காததே நியாயமற்ற வணிகமுறைதான். அங்கே தீரவில்லை என்றால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. துண்டுச் சீட்டு, கூகுள் பே ரசீது, லேப்டாப் வாங்கிய பில், வாட்ஸ்அப் போட்டோ, மேட்டுப்பாளையம் மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டாகிவிட்டது. கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸும் போய்விட்டது. பதில் வந்ததும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.