குவாண்டம் எஸ்பிரெசோ: வாயுப் புறத்துறிஞ்சலைக் கணிக்க எவ்வளவு நம்பலாம்?

மலையகத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கிராஃபீன் (ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாள்) மேல் வாயு எப்படி ஒட்டுகிறது என்று கணிக்க விரும்பும் மாணவருக்கு, இலத்திரன்களின் சக்தியைக் கணிக்கும் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற இந்த மென்பொருளைத் தயங்காமல் சொல்லலாம். இதே வேலையைச் செய்யும் வாஸ்ப் மென்பொருளைப் போல உரிமக் கட்டணம் இல்லை. உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். ஆனால் இயல்பு அமைப்புகளை நம்பினால் விடை பிழைக்கும்.

கண்டிப் பள்ளத்தாக்கில் தேங்கும் வாகனப் புகையின் நைதரசன் ஈரொட்சைட்டையே எடுப்போம். 4×4 கிராஃபீன் தாளில் 32 காபன் அணுக்கள், மூலக்கூறோடு 35. வலுவளவு இலத்திரன்கள் 145, ஒற்றை எண். ஆகவே இலத்திரன் சுழற்சியைக் கணக்கில் எடுக்க 'என்ஸ்பின்' 2 என்று உள்ளீட்டில் கொடுத்து, தொடக்கக் காந்தமாக்கலும் போட வேண்டும். மூலக்கூறுகளுக்கிடையிலான மெல்லிய கவர்ச்சியைச் சேர்க்கும் வான் டெர் வால்ஸ் திருத்தம் இயல்பில் அணைந்திருக்கும். அதன் ஒரு வகையான கிரிம் டி3 போடுங்கள். வெறும் தாள், தனி மூலக்கூறு, இரண்டும் சேர்ந்தது ஆகிய மூன்றுக்கும் ஒரே பெட்டி, ஒரே கட்ஆஃப் (அலைச் சார்புகளின் சக்தி எல்லை), ஒரே திருத்தம். ஒன்று மாறினாலும் கழித்து வரும் ஒட்டும் சக்திக்குப் பொருளில்லை.

அதிகம் பேர் இடறுவது இருமுனைத் திருத்தத்தில், அதாவது அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வரும் பெட்டிகளுக்கிடையே தோன்றும் பொய்ப் புலத்தை நீக்குவதில். வாயு தாளின் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் 'டிஈஃபீல்ட்', 'டிப்ஃபீல்ட்' இரண்டையும் இயக்கி, திசையைச் சொல்லும் 'எடிர்' 3 (தாளுக்குச் செங்குத்து) என்று வைக்க வேண்டும். அப்போது புலத்தின் அளவான 'ஈஆம்ப்' தானாகவே 0.001 ஆக இருக்கும். அதாவது ஆங்ஸ்ட்ரமுக்கு ஏறத்தாழ 0.05 வோல்ற்று வெளிப்புலம், நீங்கள் கேட்காமலே. அதைப் பூச்சியமாக்குங்கள். மின்னழுத்தம் உச்சம் தொடும் இடத்தைப் பெட்டி உயரத்தின் பின்னமாகச் சொல்லும் 'ஈமேக்ஸ்பாஸ்' இயல்பு 0.5. தாளைப் பெட்டியின் நடுவில் வைத்திருந்தால் மின்னழுத்தம் தாவும் இடம் தாளின் மேலேயே விழும்! தாளை அடியில், உயரம் 0 இல் வைத்து, 20 ஆங்ஸ்ட்ரம் உயரப் பெட்டி கொடுத்தால் அந்த இடம் வெற்றிடத்துக்குள் போய்விடும்.

அணுக்களை மிகக் குறைந்த சக்தி நிலைக்கு நகர்த்தும் தளர்த்தலிலும் ஒரு பொறி உண்டு. 3 ஆங்ஸ்ட்ரமுக்கு அப்பால் விசைகள் மிகச் சிறியவை. இயல்பு விசை வரம்பான 0.001 இல் மூலக்கூறு நகராமலே "முடிந்தது" என்று வரும். 0.0001 ஆக இறுக்குங்கள். நேரம் கூடும், ஆனால் அறைவெப்பநிலையின் வெப்பச் சக்தியே 26 மில்லி இலத்திரன்வோல்ற்றுதான். இங்கே சிறு பிழையும் பெரிது.

நான்கு செயல்முறைகளாக ஓட்டும்போது ஓப்பன்எம்பி இழை எண்ணிக்கையை (ஒரு செயல்முறைக்குள் ஒரே நேரத்தில் ஓடும் துணை வேலைகள்) 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று முட்டி வேகம் குறையும்.

அட்டன், நுவரெலியாப் பக்கம் இடிமழைக்கு மின்சாரம் போவது வழக்கம். இதன் மறுதொடக்க வசதி ஒழுங்காக நிறுத்திய கணக்குக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. குறித்த நேரத்தில் ஒழுங்காக நிறுத்தும் 'மேக்ஸ்_செகண்ட்ஸ்' கொடுத்துத் துண்டு துண்டாக ஓட்டுங்கள். திடீரென நின்றுபோனால் வெளியீட்டுக் கோப்பின் கடைசி அணு நிலைகளைப் பிரதி எடுத்து, புதிய உள்ளீட்டில் இட்டுத் தொடருங்கள்.