தாழ்சுருதிக்கு டடாரியோ இஜே17: திருகோணமலைக் கிற்றார்களுக்கு ஒத்துவருமா?

வழக்கமான சுருதியில் மட்டும் வாசிப்பவருக்கு 12-53 கம்பித் தொகுதி போதும் (மெல்லிய, தடித்த கம்பிகளின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கில்). முதலாம், இரண்டாம், ஆறாம் கம்பிகளை இரண்டு அரைச்சுரம் இறக்கி, ஆறாவதிலிருந்து முதலாவது வரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி (DADGAD) என்று சுருதி வைப்பவருக்கு அது போதாது. அந்த இறக்கத்தில் இழுவிசை ஏறத்தாழ 21 சதவீதம் குறையும். தளர்ந்த ஆறாம் கம்பி பிரெட்டில் (கழுத்தின் குறுக்கேயுள்ள உலோகப் பட்டியில்) மோதி இரையும், சற்று அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடும். கம்பி தயாரிக்கும் டடாரியோ நிறுவனத்தின் பொஸ்பர் பிரொன்ஸ் மீடியம் தொகுதி, இஜே17 (13-56), இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்க்கிறது. 13 பருமன் முதலாம் கம்பியை டி (D) சுருதிக்கு இறக்கிய பிறகும், 12 பருமன் கம்பி வழக்கமான ஈ (E) சுருதியில் தரும் இழுவிசையில் 93 சதவீதம் மிஞ்சும்.

எங்கள் பாட்டுகளுக்கு இந்தச் சுருதி மிக அழகாகப் பொருந்தும். டியை ஷட்ஜமாக வைத்தால் திறந்த (விரல் வைக்காத) கம்பிகள் ச-ப-ச-ம-ப-ச. காந்தாரம் எதிலும் இல்லை. அதனால் நான்காம் கம்பியின் 4ஆம் பிரெட்டில் அந்தர காந்தாரம் பிடித்து ஹரிகாம்போதிக்கும், 3ஆம் பிரெட்டில் சாதாரண காந்தாரம் பிடித்து கரகரப்பிரியாவுக்கும் போகலாம். கம்பி எதையும் மாற்றவேண்டியதில்லை. பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் இது 2 கட்டை. பாடுபவருக்கு 3 கட்டை என்றால் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வியை) 2ஆம் பிரெட்டில் வையுங்கள், 4 என்றால் 3ஆம், 5 என்றால் 5ஆம் பிரெட்டில். 1 கட்டை கேட்டால் ஆறு கம்பிகளையும் இன்னும் இரண்டு அரைச்சுரம் இறக்கவேண்டும். 13-56இன் பயன் முழுதாகத் தெரிவது அங்கேதான்.

ரியூனர் (சுருதி காட்டும் கருவி) இல்லாமலும் சரிபார்க்கலாம். ஆறாம் கம்பியின் 12ஆம் பிரெட் திறந்த நான்காம் கம்பியோடும், ஐந்தாவதன் 12 இரண்டாவதோடும், நான்காவதன் 12 முதலாவதோடும் ஒத்தொலிக்கவேண்டும். எப்போதும் குறித்த சுருதிக்குக் கீழே போய் மேலேறி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியில் தளர்வு தங்கி, இரண்டு பாட்டுக்குள் சுருதி இறங்கிவிடும்.

நட் என்பது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளங்கள் உள்ள துண்டு. 53க்கு வெட்டிய நட் பள்ளத்தில் 56 இறுகும். முறுக்கும்போது 'டிங்' என்று சத்தம் வந்தால் அதுதான் காரணம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். அதிலும் தீராவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் பள்ளத்தை மெல்ல அகலப்படுத்தச் சொல்லுங்கள், ஆழப்படுத்த விடவேண்டாம். பிறிட்ஜின் (உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பகுதியின்) பின்பக்கம் ஏற்கெனவே கிளம்பிய கிற்றாருக்கு இந்தத் தொகுதி ஆகாது. வழக்கமான சுருதியில் இதன் மொத்த இழுவிசை 12-53ஐ விட 15 சதவீதம் அளவுக்குக் கூட. ஒரே கிற்றாரில் தினமும் இரு சுருதிக்கும் மாறுபவர்கள் 12-53இலேயே இருப்பது நல்லது.

உப்புக்காற்றுத்தான் இங்கே பெரிய எதிரி. உப்புவெளி, நிலாவெளி கடற்கரையோரம் வாசிப்பவர்களின் கிற்றாரில் முதலில் துருவேறுவது சுற்றில்லாத முதலிரு கம்பிகளில். இஜே17இல் பூச்சு இல்லை. அவர்கள் அதே நிறுவனத்தின் எக்ஸ்ரி (XT) வகையில் 13-56 வாங்கட்டும். அதில் அந்த இரண்டு கம்பிகளுக்கும் பூச்சு உண்டு. எதை வாங்கினாலும், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.