தபாஸ் ரெஸ்டாரண்ட்ல மைக்ரோவேவ் சத்தம் கேட்டா எழுந்து வந்துடுங்க

ரெண்டு ஸ்டார் குடுக்குறேன். அதுல ஒன்னு அந்த பொரிச்ச பச்சை மிளகாய்க்கு, இன்னொன்னு எத்தனை தடவை கூப்பிட்டாலும் முகம் சுளிக்காம வந்து நின்ன அந்த சர்வர் பையனுக்கு. மத்தபடி சாப்பாடு, தட்டு வர்ற வரிசை, பில்லு எதுலயும் சொல்லிக்கற மாதிரி ஒன்னும் இல்ல. கடை பேரு போடல, போட்டா முதலாளிக்கு ஒன்னும் ஆகாது, அந்த பையனுக்குதான் திட்டு விழும். அதுவுமில்லாம "ஸ்பானிஷ் தபாஸ்"னு போர்டு மாட்டுன பல எடத்துல இதே கதைதான் ஓடுது, அதனால எந்த ஊர்ல இருக்கறவங்களுக்கும் இது பிரயோஜனப்படும்னு நினைக்கிறேன்.

தபாஸ்னா சின்னச் சின்ன தட்டுல வர்ற ஸ்பானிஷ் ஐட்டங்கள், அதுல சாமர்த்தியமே எது எப்ப டேபிளுக்கு வருதுங்கறதுலதான் இருக்கு. ஸ்பெயின்ல ஒரு பார்ல நின்னுக்கிட்டே ஒரு கிளாஸ் வாங்கி, ஒரு சின்ன தட்டு சாப்டுட்டு, கொஞ்ச நேரம் அரட்டை அடிச்சுட்டு, அப்படியே பக்கத்து பாருக்கு நடந்து போய் அங்க எது பேமஸோ அதை மட்டும் சாப்பிடுவாங்க. கிரானடால ட்ரிங்க் வாங்குனா தபா ஃப்ரீயாவே கூட வரும். வடக்க சான் செபாஸ்டியன்ல ரொட்டித் துண்டு மேல மீனோ ஹாமோ வச்சு குச்சி குத்தி கவுன்ட்டர்ல அடுக்கியிருப்பாங்க, பின்ச்சோஸ்னு சொல்றது அதைத்தான், சில பார்ல கடைசில தட்டுல எத்தனை குச்சி கெடக்குன்னு எண்ணித்தான் காசே வாங்குவாங்க. தட்டு சின்னதா இருக்கறதால நமக்கு என்ன லாபம்னா ஆறிப்போறதுக்குள்ள முடிஞ்சிடும், அடுத்தது சூடா வரும். அவ்ளோதான் விஷயம்.

இந்த ரெஸ்டாரண்ட்ல அதையே கிச்சனுக்கு லாபமா மாத்தி வச்சிருக்காங்க. நாங்க நாலு பேர், ஒம்பது ஐட்டம் சொன்னோம், அத்தனையும் அஞ்சே நிமிஷத்துல ஒன்னு மேல ஒன்னா வந்து எறங்கிடுச்சு, வைக்க எடமில்லாம தண்ணி பாட்டில தரையில வச்சோம், க்ரோக்கெட்டாஸ, அதாவது உள்ள சாஸ் வச்சு பொரிச்ச உருண்டைய, முடிச்சு நிமிர்றதுக்குள்ள இறால் ஆறிடுச்சு, இறால பாக்கறதுக்குள்ள உருளைக்கிழங்கு வதங்கிடுச்சு. "கொஞ்சம் கொஞ்சமா அனுப்பலாமே தம்பி"ன்னு கேட்டா "ரெடியாக ரெடியாக வரும் சார், அதான் தபாஸ் ஸ்டைல்"னு பாவம் மனப்பாடம் பண்ணத ஒப்பிக்குது அந்த பையன். சரி, அடுத்து ஒரு பர்த்டேக்கு போனப்ப உஷாரா பாதி ஆர்டர மட்டும் மொதல்ல குடுத்து, அது முடிஞ்சப்புறம் மீதிய சொன்னோம், அந்த மீதி வர்றதுக்குள்ள பர்த்டே பொண்ணு தூங்கியே போச்சு. இதுல ஒன்றரை மணி நேரத்துல டேபிள காலி பண்ணனும்னு வேற புக் பண்றப்பவே மெசேஜ் அனுப்பிடுறாங்க. சாப்டு முடிச்சப்புறமும் மணிக்கணக்கா உக்காந்து பேசறது ஸ்பெயின்காரங்களோட பெரிய சுகம், அவங்க சாப்பாட்ட மட்டும் எடுத்துக்கிட்டு அந்த சுகத்த அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க போல.

அளவு பத்தியும் சொல்லணும். ஸ்பெயின்ல நிறைய மெனுவுல தபா, மெதியா ரஸியோன், ரஸியோன்னு அளவு போட்டிருப்பாங்க, தபான்னா ஒரு ஆளுக்கு ரெண்டு மூனு வாய், ரஸியோன்னா பெரிய தட்டு, நாலு பேர் பங்கு போட்டுக்கலாம், மெதியான்னா அதுல பாதி. இங்க அந்த மாதிரி எதுவும் கெடையாது, எல்லாமே "ஷேரிங் ப்ளேட்". நாலு பேர் உக்காந்திருக்கற டேபிளுக்கு மூனு க்ரோக்கெட்டா வருது, யார் யாரோட ஷேர் பண்றது? இன்னொன்னு சேத்து வைக்க முடியுமான்னு கேட்டா இன்னொரு முழு ப்ளேட் ஆர்டர் பண்ணனுமாம். அந்த க்ரோக்கெட்டாவும், வெளிய மொறுமொறுன்னு இருந்து பிச்சா உள்ள பெஷமெல்ங்கற பால் மாவு சாஸ் கொழகொழன்னு வழியணும், இங்க உள்ள பூரா கெட்டியான மாவு, நடுவுல சில்லுன்னு ஃப்ரீஸர் வாசம்.

பட்டாட்டாஸ் ப்ராவாஸ் பத்தி எழுதறப்பவே கடுப்பாகுது, ஏன்னா இதுல சொதப்பறது ரொம்ப கஷ்டம். உருளைக்கிழங்க ஒழுங்கா வெட்டி, நல்லா பொரிச்சு, மேல காரமா ஒரு சாஸ். மாட்ரிட்ல பழைய முறைப்படி செய்யறவங்க அந்த சாஸுக்கு தக்காளியே போட மாட்டாங்க, பிமென்டோன்னு சொல்ற மிளகாப் பொடி, மாவு, ஸ்டாக், ஆலிவ் எண்ணெய் வச்சு காச்சுவாங்க, தக்காளி போடறவங்களும் இருக்காங்க, கேட்டலோனியா பக்கம் போனா பூண்டு வாசம் தூக்கலா அயோலி சாஸும் சேத்து ஊத்துவாங்க. இது எதுவா இருந்தாலும் எனக்கு ஓகே. ஆனா இங்க வந்தது பாக்கெட்ல விக்கற ஃப்ரோஸன் வெட்ஜஸ், மேல கெச்சப்போட ஏதோ சில்லி சாஸ கலந்து ஒரு கோடு, மயோனைஸ் ஒரு கோடு. புகை வாசம் வர்ற பிமென்டோன் ஒரு டப்பா வாங்கி வச்சா மாசக்கணக்குல வருமே, அதுல என்ன மிச்சம் புடிக்கிறாங்கன்னு புரியல.

தோர்த்தியா, அதாவது உருளைக்கிழங்கு முட்டை ஆம்லெட், இதுல வெங்காயம் போடலாமா கூடாதான்னு ஸ்பெயின்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடுவாங்க. கலீசியால பெட்டான்ஸோஸ்ங்கற ஊர்ல வெங்காயம் இல்லாம உள்ள முட்டை ஓடற பதத்துல செய்வாங்க. சூடாதான் குடுக்கணும்னு கூட இல்ல, செஞ்சு வச்சு வெதுவெதுப்பா குடுத்தாலே அருமையா இருக்கும். இங்க ஓரம் நாக்கு பொத்துப்போற சூடு, நடுவுல ஐஸ். கிச்சன் பக்கத்து டேபிள்ல உக்காந்திருந்ததால டிங் டிங்னு சத்தம் வேற தெளிவா கேட்டுது, அதுக்கு மேல துப்பறிய ஒன்னும் இல்ல.

காம்பாஸ் அல் அஹீயோ, அதாவது பூண்டு எண்ணெய்ல வெந்த இறால், அதுதான் நான் எந்த ஸ்பானிஷ் கடைக்கு போனாலும் மொதல்ல சொல்றது. மண் சட்டில ஆலிவ் எண்ணெய் கொதிச்சுக்கிட்டே டேபிளுக்கு வரணும், பூண்டு மெல்லிசா சீவி பொன்னிறமா இருக்கணும், கூட ஒன்னு ரெண்டு காஞ்ச மிளகா, இறால் அப்பதான் வெந்து முடிஞ்சிருக்கணும், அந்த எண்ணெய்ல ரொட்டிய தொட்டு தொட்டு சாப்பிடறதுக்குத்தான் பாதி பேர் இதை வாங்குறதே. இங்க சட்டி கரெக்டா மண் சட்டிதான், அதுல குறை சொல்ல முடியாது, ஆனா கொதிக்கவும் இல்ல ஒன்னும் இல்ல, பூண்டு பேஸ்ட் பச்சை வாசத்தோட மெதக்குது, இறால் ஓவரா வெந்து பல்லுக்கு அகப்படாம திமிறுது, எண்ணெய்ல ஆலிவ் வாசமே கெடையாது. ரொட்டிக்கு தனியா காசு போட்டாங்க, சரி அது ஸ்பெயின்லயும் நிறைய எடத்துல உண்டுதான், ஆனா நாங்க கேக்காமயே டேபிள்ல வச்ச ஆலிவ் கிண்ணத்துக்கும் பில்லுல ஒரு வரி இருந்துச்சு, அதுக்கு என்ன சொல்றது.

ஹாமோன் இபெரிகோன்னு (உப்பு போட்டு உலர்த்துன பன்னித் தொடை ஹாம்) மெனுவுலயே பெரிய எழுத்துல போட்டு விலையும் அதுக்கேத்த மாதிரி வச்சிருக்காங்க. கூட வந்த நண்பன் ஸ்பெயின்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தவன், அவன் "எந்த கலர் லேபில்"னு கேட்டான், சர்வருக்கும் தெரியல, மேனேஜருக்கும் தெரியல. 2014ல ஸ்பெயின் அரசாங்கம் இதுக்கு சட்டமே போட்டு நாலு கலர் வச்சிருக்கு. கருப்புன்னா முழு இபெரிகோ ரகப் பன்னி, ஓக் மரத்துக் கொட்டை தின்னு வளந்தது. சிவப்புன்னா அதே கொட்டை தின்னதுதான் ஆனா கலப்பு ரகம். பச்சைன்னா வெளிய மேய விட்டு தீவனமும் போட்டது. வெள்ளைன்னா பண்ணைக்குள்ளயே தீவனம் போட்டு வளத்தது. விலை எக்கச்சக்கமா வித்தியாசப்படும், அதனால இவ்ளோ காசு கேக்கறப்ப இது நியாயமான கேள்விதான். வந்தது கனமா வெட்டுன துண்டு, ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்து வச்சதால கொழுப்பு பூரா மெழுகு மாதிரி வெள்ளையா உறைஞ்சு போய் கெடக்குது. காகிதம் கணக்கா சீவி ரூம் சூட்டுல வச்சாத்தான் அந்த கொழுப்பு பளபளன்னு இளகி வாய்ல கரையும், இது அடுப்பே தேவைப்படாத ஐட்டம், இதுலயும் கோட்டை விட்டா எப்படி.

ஆனா எனக்கு உண்மையிலயே கோவம் வந்தது வேற ஒரு விஷயத்துக்கு. எங்க அக்கா சைவம். மெனுவுல கீரையும் கொண்டக்கடலையும் போட்டு செய்யற எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ் இருந்துச்சு, ஸ்பெயின்ல செவியாங்கற ஊர்ல ரொம்ப பிரபலம், நல்லா செஞ்சா சீரகம் பூண்டு வாசத்தோட அவ்ளோ நல்லா இருக்கும். இதுல கறி எதுவும் இல்லையேன்னு அக்கா ரெண்டு தடவை கேட்டாங்க, இல்லவே இல்லன்னு உள்ள போய் கேட்டுட்டு வந்து சொன்னாங்க, அக்காவும் நம்பி பாதி சாப்டாச்சு, அப்புறம் பாத்தா அடியில சின்ன சின்னதா ஹாம் துண்டு. மேனேஜர கூப்பிட்டு காட்டுனா "அது ஃப்ளேவருக்கு போடறதுங்க"ன்னு சொல்றாரு. ஃப்ளேவருக்கு போட்டா அது கறி இல்லையா? ஸ்பெயின்ல காய்கறின்னு நெனச்சு வாங்கற பச்சை அவரை மாதிரி தட்டுல எல்லாம் ஹாம் கெடக்கறது சகஜம்தான், அது அங்க வழக்கம், அதை நான் தப்பு சொல்லல, ஆனா கேட்ட கேள்விக்கு தெரிஞ்சு பதில் சொல்லணும், தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அலர்ஜி இருக்கறவங்க இதே மாதிரி கேட்டு இதே மாதிரி பதில நம்பி சாப்டா என்ன ஆகும். அக்கா அதுக்கப்புறம் ஒரு வாய் கூட வைக்கல, தண்ணி குடிச்சுட்டு சும்மா உக்காந்திருந்தாங்க.

பயேயாங்கற அரிசிச் சாப்பாடும் இருந்துச்சு. அது தபாஸே இல்ல, வலென்ஸியாவோட மதியச் சாப்பாடு, அகலமான தட்டையான சட்டில செய்யறது, இருந்தாலும் எல்லாரும் கேக்கறாங்கன்னு வைக்கிறாங்க, வச்சுட்டுப் போகட்டும். ஆனா ஆர்டர் குடுத்து பத்து நிமிஷத்துல வந்துடுச்சு பாருங்க, அங்கதான் இடிக்குது. ஸ்டாக் கொதிச்சு அரிசி போட்டப்புறமே வேக கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஆகும், அப்ப இது எப்பவோ வெந்த சோறு. மஞ்சளா வழவழன்னு, அடியில லேசா தீய்ஞ்சு ஒட்டியிருக்கற அந்த சொக்கராத் பேருக்கு கூட இல்லாம, மேல சொரீஸோங்கற பன்னி சாஸேஜ் துண்டு வேற. 2016ல ஜேமி ஆலிவர்ங்கற பிரிட்டிஷ் செஃப் பயேயால சொரீஸோ போட்டதுக்கே ஸ்பெயின்காரங்க அவர இன்டர்நெட்ல ஓட ஓட விரட்டுனாங்க, அவராவது புதுசா சமைச்சிருப்பாரு.

சாங்ரியான்னு பழம் போட்ட ஒயின், அந்த ஜக்ல முக்கால்வாசி ஐஸ், மிச்சம் சக்கரைத் தண்ணி. ஷெர்ரிங்கற ஸ்பானிஷ் ஒயின் கேட்ட நண்பனுக்கு அதுல ஃபினோன்னு ஒரு வகை ஊத்திக் குடுத்தாங்க, அது சில்லுன்னு குடிக்க வேண்டியது, பாட்டில் தெறந்தா கொஞ்ச நாள்லயே முடிச்சிடணும், இது எப்ப தெறந்ததுன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம், வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு அப்படியே வச்சுட்டான். சுர்ரோஸ்ங்கற பொரிச்ச மாவுக் குச்சி கெட்டியா, கூட பாட்டில்ல வர்ற சாக்லேட் சிரப்.

நல்லதையும் சொல்லிடறேன். பிமியெந்தோஸ் தே பத்ரோன், அந்த சின்ன பச்சை மிளகா, தோல் அங்கங்க கருகற அளவுக்கு சூடான எண்ணெய்ல பொரிச்சு கல்லு உப்பு தூவி வந்துச்சு, அது கலீசியா ஐட்டம், பெரும்பாலும் காரமே இருக்காது, திடீர்னு ஒன்னு மட்டும் உச்சந்தலைக்கு ஏறும், எவன் தலையில விழும்னு தெரியாம சாப்பிடறதே ஒரு விளையாட்டு. அது மட்டும்தான் ஆர்டர் குடுத்தப்புறம் செஞ்சது போல, அதனாலயே நல்லா இருந்துச்சு. அப்ப செய்யத் தெரியாம இல்ல, மத்ததையெல்லாம் செஞ்சு அடுக்கி வச்சுட்டு சூடு மட்டும் பண்ணிக் குடுக்கறாங்க.

பில்லுல சர்வீஸ் சார்ஜ் ஏற்கனவே ஏத்திட்டு கார்டு மெஷின்ல டிப்ஸும் கேட்டுது. அக்கா தட்டுக்கு போட்ட காச நாங்க சத்தம் போட்டப்புறம்தான் எடுத்தாங்க, ஆலிவ் காசு அப்படியே இருக்கு. கெளம்பறப்ப மேனேஜர் வந்து சாரி சொல்லிட்டு ஒரு கார்டு நீட்டுனாரு, அடுத்த தடவை வந்தா ஒரு டெசர்ட் ஃப்ரீயாம், என்ன டெசர்ட்னு திருப்பிப் பாத்தா சுர்ரோஸ்.