எண்ணெய் உள்ளதா, இல்லாததா? வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற கம்ப்ரசர்

வீட்டுப் பட்டறைக்குக் காற்றை அழுத்திச் சேமித்துத் தரும் கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: எத்தனை குதிரைத்திறன், எத்தனை லிட்டர் டேங்க்? நானும் அப்படிக் கேட்டுத்தான் முதல் கம்ப்ரசரைத் தவறாக வாங்கினேன். டேங்க் 50 லிட்டர் இருக்கிறதே, ஓர் அலமாரிக்குப் பெயின்ட் அடிக்கப் போதாதா என்று நினைத்தேன். முதல் கதவு முடிவதற்குள் ஸ்பிரே கன் திட்டுத் திட்டாகத் துப்ப ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 லிட்டர் டேங்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கினால் வெளிவரும் காற்று, சாதாரண அழுத்தத்தில் அளந்தால், ஏறத்தாழ 250 லிட்டர். என் கன் கேட்டதோ 10 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்ற அளவு), அதாவது நிமிடத்துக்குச் சுமார் 280 லிட்டர். பம்ப் இடைவிடாமல் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஊட்டினாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் தீர்ந்துபோகும். டேங்க் வெறும் சேமிப்புதான், வரவு பம்பிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே பார்க்கவேண்டியது, 90 பி.எஸ்.ஐ. (சுமார் 6 பார்) அழுத்தத்தில் பம்ப் எத்தனை சி.எஃப்.எம். தருகிறது என்பதை. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பல நேரங்களில் பிஸ்டனின் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. கையில் கிடைக்கும் காற்று அதைவிட நன்றாகவே குறையும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வகைகளைப் பார்ப்போம்.

பம்பில் மசகு எண்ணெய் இல்லாத, சத்தம் குறைந்த சிறிய கம்ப்ரசர்: டேங்க் பெரும்பாலும் 24 லிட்டர் அளவில் இருக்கும். மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால், பக்கத்தில் நின்று பேசலாம். தூக்கி, எப்படிச் சாய்த்து வைத்தாலும் எண்ணெய் கொட்டாது. வரும் காற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. டயருக்குக் காற்று, தூசி ஊதுவது, சிறிய ஆணி அடிக்கும் நெய்ல் கன் ஆகியவற்றுக்கு இதுவே தாராளம். தேய்மானம் பிஸ்டன் வளையத்தில் வரும். அது தேய்ந்தால் அழுத்தம் ஏற நேரமாகும், வளையத்தை மாற்ற வேண்டியதுதான்.

பெல்ட்டில் ஓடும் எண்ணெய்க் கம்ப்ரசர்: கனம், இடம், விலை மூன்றும் கூடுதல். ஆனால் பம்ப் நிதானமாகச் சுற்றுவதால் சூடு குறைவு, ஆயுள் அதிகம். பெயின்ட், உப்புத்தாள் சுற்றும் சாண்டர் போல ஓயாமல் காற்றுத் தின்னும் கருவிகளுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் கருவி கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும் பம்பை எடுப்பது நல்லது. எண்ணெய் அளவைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பெயின்ட் அடிப்பவர் எண்ணெயும் நீரும் பிரிக்கும் வடிகட்டியைச் சேர்த்தே வாங்கிவிடலாம். ஒரு துளி எண்ணெய் போதும், பெயின்டில் மீன் கண் போலக் குழி விழும்.

நடுவில் ஒன்று இருக்கிறது: எண்ணெய் உண்டு, ஆனால் பெல்ட் இல்லாமல் மோட்டாரோடு நேராக இணைத்தது. நான் முதலில் வாங்கியது இதைத்தான். விலை கவர்ச்சியாக இருக்கும். கிடைப்பதோ முதல் வகையில் இல்லாத இரைச்சலும், இரண்டாம் வகைக்குக் குறைவான காற்றும். கார் சக்கர நட்டுகளை இம்பேக்ட் ரெஞ்சால் கழற்றுவது போல விட்டுவிட்டுச் செய்யும் வேலைக்குச் சரி. பெயின்டுக்கு என்றால் என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

எதை வாங்கினாலும், தூரம் எட்டவில்லை என்று மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாதீர்கள். மின்னழுத்தம் குறைந்து மோட்டார் முக்கி முக்கிச் சூடாகும். காற்றுக் குழாயை நீட்டுங்கள். பிளம்பிங் பி.வி.சி. பைப் மட்டும் வேண்டாம், வெடித்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும்.

பழையது வாங்குகிறவர்கள் பம்பின் சத்தத்தைக் கேட்டு மயங்காமல், காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகு டேங்கின் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீரோடு துருச் செதில்கள் விழுந்தாலோ, டேங்கில் பின்னால் போட்ட வெல்டிங் ஒட்டு தெரிந்தாலோ, பம்ப் புதிதாகவே இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.