ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து "கேஸ் போட்டுத் தரேன்" என்பவரிடம் ஏமாந்த கதை

2023 ஆகஸ்டில் திண்டிவனம் பக்கம் சாலையைக் கடந்த அம்மாவை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போது 53 வயது. வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒருவர் வந்தார். வக்கீல் ஆபீஸாம். வேன் நம்பர்கூட எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

"தம்பி, அம்மா ஜீப்ரா கோடு இல்லாத இடத்துல குறுக்க வந்துட்டாங்க. தப்பு நம்ம பக்கம். எங்க சார் எடுத்தாத்தான் ஏதாவது தேறும். இப்ப பைசா வேணாம், வர்றதுல பாத்துக்கலாம். ஆறு மாசம் தாண்டிச்சுன்னா அதுவும் போச்சு."

மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்த ஆறு மாதக் கெடு இருப்பது நிஜம். அந்த ஒன்றைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு மற்றதையும் நம்பினேன். வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்திலும் நான்கு வெற்றுத்தாள்களிலும் அம்மா கையெழுத்துப் போட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில் எல்லாம் ஒரிஜினலாகவே போயின. அப்புறம் கோர்ட்டுக்குப் பக்கத்து வங்கியில் அம்மா பெயரில் கணக்கு ஆரம்பித்து, பாஸ்புக்கையும் கையெழுத்திட்ட பணம் எடுக்கும் ஸ்லிப்புகளையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். "ஃபார்மாலிட்டி தம்பி."

அடுத்த வருடம் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், 2,10,000 ரூபாய்க்குச் சமரசம். ஊனச் சான்றுக்காக மருத்துவ வாரியத்துக்கு அம்மாவை அனுப்பவே இல்லை. வக்கீலை அன்றுதான் முதல்முறை பார்த்தோம், ஐந்து நிமிடம். பணம் வந்ததும் 84,000 அவர்கள் பங்கு.

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரான சித்தப்பா ஒருவரிடம் பிறகு காகிதங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 164-ஆம் பிரிவின்படி, யார்மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் உண்டு. எங்களுக்குச் சமரசமாக வந்ததே அதைவிடக் குறைவு.

வேன்காரர் தப்பை நிரூபித்து அதே சட்டத்தின் 166-ஆம் பிரிவில் போயிருந்தால்? சித்தப்பா ஒரு பழைய கவரின் பின்னால் கணக்குப் போட்டார். மாதம் 12,000 வருமானம், வருட வருமானத்தைப் பெருக்க 53 வயதுக்கு உள்ள எண் 11, ஊனம் 20 சதவீதம் என்று வைத்தாலே 3,16,800. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. நடந்து போனவர் மேல் கொஞ்சம் தப்பு இருந்தாலும் அந்தப் பங்கைத்தான் கழிப்பார்களாம், முழுசாகத் தள்ளிவிட மாட்டார்களாம். மாவு விற்பதற்கு ரசீது இல்லாவிட்டாலும் விபத்து கேஸை விசாரிக்கும் தீர்ப்பாயமே ஒரு வருமானத்தை வைத்துக் கணக்கிடும். ஆனால் லோக் அதாலத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது.

வக்கீல் ஆள்விட்டுக் கேஸ் பிடிப்பதும், இழப்பீட்டில் பங்கு பேசுவதும் வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி ஒழுங்கு மீறல். புகார் அனுப்பியிருக்கிறேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பதும் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். ஆணைக்குழு ஆபீஸ் மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. லோக் அதாலத் நடத்துவதே அவர்கள்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா அந்தப் பலகையைத் தாண்டித்தான் நடந்து போனார்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். பாஸ்புக்கை யார் கேட்டாலும் தராதீர்கள், சொந்தக்காரர் கூட்டி வந்த வக்கீலாக இருந்தாலும் சரி.

பாஸ்புக் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. வங்கி மேனேஜரைக் கெஞ்சி அந்த ஸ்லிப்புகளைப் பார்த்தோம். இரண்டிலும் கையெழுத்து அம்மாவுடையது. தொகையை எழுதிய கை வேறு.